மிகை

"மிகையாக அறவிடப்பட்ட வரி" என்று
ஒட்டுசுட்டானுக்கு வந்தது கடிதம்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு ரூபா,
என் வைப்புக் காசின் வட்டியில்
வங்கி வெட்டினது.

பதினொரு மாதம்.
வவுனியாவுக்கு மூன்று பயணம்,
ஒரே படிவம் நாலுதரம்.
"வேறு வருமானம்?" என்ற கட்டத்துக்குள்
கறவை ஆட்டையும் எழுதிவிட்டேன்.
கிளாக்கர் பெட்டை சிரித்தது.

எத்தனை பேருக்கு வரி கட்டின கை இது.
சீமெந்துக்கு, சைக்கிளுக்கு,
ஓமந்தையில் இறக்கி ஏற்றின பெட்டிக்கு.
துண்டு தந்தவை உண்டு.
திருப்பித் தந்தவை இல்லை.

கடிதத்தை இரண்டுதரம் வாசித்தேன்.
மன்னிக்கவும் என்று எங்கேயும் இல்லை.
'இராசமலர்' மட்டும்
எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

பஸ் காசு, ஓட்டோக் காசு,
போட்டோப் பிரதிக் காசு கழிய
ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சும்.
அதை வங்கியில் போடமாட்டேன்.