நாற்பத்தொரு படகுகள்

செவ்வாய் இரவு நான் வீட்டுக்குப் போனதும்
கணினி தன்னைத்தானே திருத்திக்கொண்டது.
சொல்லாமல் இல்லை, சொன்னது:
அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி,
சுற்றிக்கொண்டே ஒரு வளையம்.
நான்தான் அறை விளக்கை அணைத்துவிட்டுப்
பனியில் இறங்கிப் போனேன்.

காலையில் திறந்தால்
முகம் கழுவிய வெள்ளை.

பதினோரு வருடம்
இந்த ஃபியோர்டின் மீன் ஏல அறையில்
எல்லாப் படகையும் ஒரே திரையில் பார்த்தவள் நான்.
வரிசைக்கு ஒரு படகு, பொடி எழுத்து.
பெயர், மீன், எடை, பனிக்கட்டி போட்ட நேரம்.
அடியில் சாம்பல் பட்டையில் மொத்தக் கிலோ;
கேட்காமலே கூட்டிச் சொல்லும்,
நல்ல கடைக்காரன் மாதிரி.

இப்போது அட்டைகள்.
அட்டைக்கு ஒரு படகு, திரைக்கு மூன்று அட்டை,
நடுவே ஆடு மேயலாம், அவ்வளவு வெளி.
கோப்பு என்ற சொல் இல்லை. திருத்து இல்லை.
அவை இருந்த மூலையில் மூன்று கோடு.
அதைத் திறந்தால் ஒரு கதவு,
கதவுக்குப் பின்னால் மூன்று புள்ளி.
வலது சொடுக்குக்கு
வாயே திறப்பதில்லை.

அமைப்புகளில் தேடினேன்.
வெள்ளையைக் கறுப்பாக்கலாமாம்.
பின்னால் மலைப்படம் வைக்கலாமாம்.
மலை எனக்கு ஜன்னலிலேயே இருக்கிறது.
மொத்தக் கிலோவை மட்டும்
திருப்பி வைக்க வழியில்லை.

"கட்டைவிரலுக்காக வடிவமைத்தது" என்றான்
தலைநகரிலிருந்து இமிர், தொலைபேசியில்.
என் மேசையில் இருப்பது மவுஸ், கீபோர்டு.
இதில் கட்டைவிரலுக்கு ஒரே வேலை,
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவது.
அதையே அள்ளித்
திரை முழுக்கப் பூசிவிட்டார்கள்.

"எளிமையாக்கியிருக்கிறோம், ஸ்டெய்ன்வோர்."
யாருக்கு என்று கேட்டேன்.
அவன் பக்கத்தில் யாரோ
காபி கலக்கும் சத்தம்.

புதன்கிழமை வடமேற்கில் காற்று.
புயலுக்கு முந்தி எல்லோரும் கரைக்கு வந்தார்கள்.
நாற்பத்தொரு படகு. ஒரு மணிக்கு ஏலம்.
உருட்டினேன், உருட்டினேன்,
ஆழம் தெரியாத கிணற்றில்
வாளி இறக்குகிறவள் போல.

ஹல்வார்தூர் ரப்பர் கையுறையோடு உள்ளே வந்தான்.
அவனுக்குப் பிடித்துவிட்டது.
"எவ்வளவு பெரிய பொத்தான்! இனி மூக்குக்கண்ணாடி எதற்கு?"
என்றபடி ஒப்புதல் பொத்தானை
நேராகத் திரையிலேயே அமுக்கினான்.
ஒன்றும் நடக்கவில்லை.
தொட்டால் தெரியாத திரை அது,
தொடச் சொல்லும் முகத்தை மட்டும் மாட்டியிருக்கிறது.
பொத்தான்மேல்
ஒரு காட் மீனின் செதில் ஒட்டிக்கொண்டது.

ஒன்று இருபதுக்கு ஏலம் முடிந்தது.
எல்லா அட்டைக்கும் அடியில்
'ஸ்வாலா', இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ ஹேடாக்,
விலை கேட்க ஆளில்லாமல் கிடந்தது.
ஹல்வார்தூரின் படகு.
அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
கையுறையைக் கழற்றி,
உள்ளே மடங்கிப்போன விரல்களை
ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மாலை மீன்பெட்டியின் மூடியைக் கிழித்து
நாற்பத்தொரு பெயரையும் பென்சிலால் எழுதினேன்.
வரிசைக்கு ஒரு படகு, பொடி எழுத்து, அடியில் மொத்தம்.
திரைக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன்.
இமிரிடம் சொல்லவில்லை. சொன்னால்
அதற்கும் ஒரு பதிப்பு எண் கொடுப்பான்.

என் விரல் இன்னும் மேல்வரிசையில்
ஏழாவது விசையைத் தட்டுகிறது.
அதற்குச் சேதி போய்ச் சேரவில்லை.
வீடு மாறி வந்த பிறகும்
இருட்டில் பழைய சுவிட்சைத் தடவும் கை.

செதிலை நான் துடைக்கவில்லை.
பொத்தானுக்குச் சரியாக மேலே, பளபளவென்று.
அம்புக்குறியை அதனடியில் நிறுத்தினால் போதும்,
தேட வேண்டாம்.
ஒன்பது நாள் அப்படித்தான் வேலை ஓடியது.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு சின்னத் திருத்தம்.
பொத்தானை வட்டமாக்கிக்
கீழே இறக்கியிருக்கிறார்கள்.
செதில்
வெறும் வெள்ளையில் மின்னுகிறது.
பழக்கத்தில் அதையே சொடுக்கினேன்,
இரண்டு முறை.