குனிந்த இடம்

ஹட்டனில் ஆறரைக் காட்சி விட்டு
பதினொரு பேரை வேனில் ஏற்றியபோது
மழை இல்லை, பனிதான்.
கொட்டகலை தாண்டும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு ஜெபமாலைதான் ஆரம்பித்தாள்:
"தாடி வச்சா சோகம், எடுத்தா காதல்.
யுவந்துக்கு நடிப்புச் சொல்லிக் குடுத்தது
சலூன்காரன்தான்."
சிரித்த சிரிப்பில் கண்ணாடியெல்லாம் ஆவி.
துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆறு படம் நடித்துவிட்டான்.
பொலிஸ், பாடகன், பைத்தியம், ஒரு இரட்டை வேடம்.
(அதில் தம்பிக்கு மூக்குக்கண்ணாடி.
இல்லாவிட்டால் அவனுக்கே குழம்பியிருக்கும்.)
இதில் தோட்டத்துப் பையன்.
நம் மலை என்று சொல்லி
வேறெங்கோ எடுத்திருந்தார்கள்.
தேயிலைக்குத் தெரியாது, நமக்குத் தெரிந்தது.

கொழுந்தெடுக்கும் காட்சியில்
தியேட்டரே அவனுக்குக் கங்காணியானது.
முத்தல் இலையும் காம்புமாய்
செடியை மொட்டையடித்துக்கொண்டிருந்தான்.
"இன்னிக்கி அரைப் பேருதான்டா ஒனக்கு!"
பின்வரிசையில் ஒரு பெண்குரல்.
வசந்தமலர் மட்டும் சிரிக்கவில்லை.
அவள் போனின் முகப்பில்
மூன்று வருடமாக அவன்தான்.

"ஆஸ்பத்திரியில அழுதானே, அது?"
"அது வயலின் அழுதது," என்றார் ரட்ணவேல்.
நானும் என் பங்குக்கு,
எல்லாப் படத்திலும் ஒரே கண்,
லைட் அடித்தால் முழிக்கிற கண் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பத்தனைச் சந்தி வந்துவிட்டது. சொல்லவில்லை.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில்
லயத்துக் காம்பராவுக்குள் ஓடி நுழைகிறவன்
நிலையில் நெற்றி மோதுவான்.
"ஆ" என்று ஒரு சத்தம்,
டப்பிங்கில் அழிக்க மறந்தது.
நிஜமாகவே பட்டிருக்க வேண்டும்.
யாரும் கவனிக்கவில்லை. அடுத்தது பாட்டு.

இரண்டு மணி நேரம் கழித்து
அண்ணன் செத்த செய்தியோடு
அதே கதவுக்கு வருகிறான்.
முகத்தில் ஒன்றுமில்லை, வழக்கம்போல.
ஆனால் ஒரு அடி முன்னாலேயே,
நிலையைப் பார்க்காமலே,
தலை குனிந்தது.
துக்கத்துக்கு அல்ல. உயரத்துக்கு.
அந்த வாசலிலேயே வளர்ந்த கழுத்து மாதிரி.

இயக்குநர் சொல்லியிருக்கலாம்.
வீங்கின நெற்றி தானாகப் பயந்திருக்கலாம்.
பட்ட வலியை உடம்பு ஞாபகம் வைத்தால்
அதற்கு நடிப்பென்றா பேர்?
எனக்கும்தான்
வளைவு தெரிவதற்கு முன்னமே
கால் பிரேக்குக்குப் போகிறது.
அதை யாரும் திறமை என்று சொன்னதில்லை,
ஜெபமாலை உட்பட.
அவள் இருநூறு ரூபாய் பாக்கி வைத்து இறங்கினாள்.

கடைசியாக வசந்தமலர்.
"நீங்க ஒண்ணுமே சொல்லலையே.
அவனுக்கு நடிப்பு வருமா, வராதா?"
"கதவு வரும்," என்றேன்.
கேலி என்று நினைத்துவிட்டாள்.
அறைந்து சாத்தியதில் பின்கண்ணாடி ஆடியது.

சனிக்கிழமைக்கு மேற்பிரிவு ஆட்கள்
வேன் கேட்டிருக்கிறார்கள்.
நானும் உள்ளே போவதாக இருக்கிறேன்.
டிரைவருக்கு இலவசமில்லை.
எண்ணூறு ரூபாய்,
நாலு விநாடிக்கு.