கிளாத்தி வரத்து

மோகனூர் ரோட்டுத் தீவன ஆலையில்
பதினாலு வருசமாய் எடைமேடை என்னுடையது.
கடலை நான் பார்த்தது ஒரே தடவை,
திருச்செந்தூரில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு.
ஆனாலும் கிளாத்தியைத் தெரியும்.
சாக்குக்குள் கைவிட்டால்
முதுகின் ஒற்றை முள் முதலில் கேட்கும்,
யாரது என்று.

முதல் நோட்டில் அதற்குப் பெயரே இல்லை:
'கழிவு மீன், உலர், மணலோடு.'
கிலோ ஒன்பது ரூபாய்.
வலையைக் கிழிக்கிற சனியன் என்று
தூத்துக்குடி சூசை மிக்கேல்
போனிலேயே திட்டுவார்.
தோலா அது, உப்புத்தாள்.
பூனைகூட முகர்ந்துவிட்டுப் போகுமாம்.

மூன்றாவது நோட்டில் ஓர் ஆடி மாதம்
கேட்டைத் தாண்டி ரோடுவரை லாரிகள்.
அந்தப் பருவத்தில் மட்டும் இருநூற்றுப் பதினேழு டன்.
முட்டையில் கவுச்சி அடிக்கிறதென்று புகார் வந்து
முதலாளி ஒவ்வொன்றாய் உடைத்து
முகர்ந்துகொண்டிருந்தார்.

அப்புறம் இறக்கம்.
நூற்றுநாற்பது, அறுபத்தெட்டு, ஒன்பது.
விலை மட்டும் ஏணியில்.
"கடல்லயே இல்லீங்களா?"
"இருக்கு. இல்லாமலும் இருக்கு" என்றார் மிக்கேல்.
"முன்ன ஒரு நாள் பாடு,
இப்ப மூணு நாள் தங்கி இழுக்கணும்."

முதலாளி கட்டம் போட்ட தாள் கொடுத்தார்:
வரத்துக் குறைவு. காரணம்.

ஞாயிறு காலை, பரமத்தி பிரிவில்
ஆம்னி வேனின் பின்கதவைத் தூக்கி
ஐஸ்மேல் வெள்ளையாய்க் கிடத்தியிருந்தார்கள்.
தலையில்லை, தோலில்லை.
'கோழி மீன்' என்று அட்டை. கிலோ இருநூற்று எண்பது.
"கொழந்தைக்கே குடுக்கலாமுங்க" என்றாள்
வெட்டிக்கொண்டிருந்த செல்லாயி.
காலடி வாளியில் உரித்த தோல்.
தொட்டேன்.
உப்புத்தாள்.

அரைக்கிலோ வாங்கினேன்.
வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டுப்
பள்ளிபாளையம் மாதிரியே வறுத்தாள் வாசுகி.
பையன் கோழியென்றே தின்று முடித்தான்.
நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை, அந்தக் கட்டம்.
கடல் குறைந்ததா, தட்டு கூடியதா?
என் எடைமேடைக்கு இரண்டும் ஒரே எண்.
ஏறின லாரியைக் காட்டும்,
ஏறாததைப் பற்றி அதற்கு என்ன தெரியும்.
'நாமும் தின்கிறோம்' என்று எழுதி
அடித்துவிட்டு
'விசாரணையில்' என்று போட்டேன்.

வெளியே ஹாரன்.
சோயாப் புண்ணாக்கு, இந்தூர் வண்டி.
ஈரப்பதம் பதினொன்று.
டிரைவர் இறங்கி, மூக்கைச் சுளித்து
அரைத் தமிழில் கேட்டான்:
"இங்க பக்கத்துல கடலா?"