ஆறாவது கட்டம்

முந்நூறு கேட்டு
இருநூற்றெண்பதுக்கு இறங்கினேன்.
பாய லேபார் நிலையத்தில், கட்டணத் தடுப்புக்கு
உள்ளே நான், வெளியே ஹாஃபிஸ்.
வெளியே வந்தால் பயணக்காசு போய்விடும்,
இந்த ஊரில் பாதி வியாபாரம்
அந்த இடுப்புயரத் தடுப்பின் மேலேதான்.
காதில் வைத்துக் கேட்டான்.
நாளுக்கு நாலு நிமிஷம் பிந்தும் என்றேன்.
பரவாயில்லை, நானும் பிந்துகிறவன்தான் என்றான்.
அந்த மாதம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வேர்ச்சிகிச்சை.

நாலு வருஷம் கழித்து, நேற்றிரவு,
மாடிப் பேருந்தின் முன்னிருக்கையில்
கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே வரும்போது:
நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி.
பேரம் கிடையாது.

அதேதான்.
பதினொன்றுக்குப் பக்கத்தில் அந்தக் கீறல்
ஒன்பதாம் மாடியில், மழை இறங்கும் அவசரத்தில்
ஈரத்துணியோடு மூங்கில் கழியை உள்ளிழுத்தபோது
நான் போட்டது.
விளம்பரத்தில் அதன் பெயர்
கடல் தந்த தழும்பு.
அறுபதுகளில், நம் துறைமுகத்தில்,
கப்பல்களுக்கு வழிகாட்டிய ஒருவர்
சுமத்ராக் காற்றடித்த விடியலில்
கயிற்றேணியில் ஏறும்போது பட்டதாம்.
எண்பத்தேழு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.
படித்து முடித்ததும்
எனக்கே அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

நான் வாங்கியது சுங்கை ரோட்டில்,
சந்தையை மூடுவதற்கு முந்தைய வருஷம்.
ஒரு பிஸ்கட் டின்.
கண்ணாடி ஒன்று போன மூக்குக்கண்ணாடி, செத்த பேட்டரிகள், அதற்கடியில் இது.
முப்பத்தைந்து வெள்ளி.
கறிவேப்பிலை கொசுறுபோல
கூடவே ஒரு பழுப்பு அட்டை.

விற்றபோது அவன் அட்டை கேட்கவில்லை
நானும் நினைக்கவில்லை.
இன்றைக்குத் தேடினேன்.
ஏர்கான் கழுவிய ரசீதுகளுக்குள் இருந்தது.

தவணை அட்டை, 1971.
அந்தச் சுமத்ராக் காற்று அடித்த காலையில்
இந்தக் கடிகாரம் இன்னும் கடையிலேயே இல்லை.
நீல மையில், சாய்ந்த எழுத்தில்
மிஸ் ஓங் ஸ்வீ கெங்.
ஆறு கட்டங்கள், கட்டத்துக்குப் பதினைந்து வெள்ளி.
ஐந்தில் கடைக்காரரின் கிறுக்கல்.
ஆறாவது காலி.

ஆண்கள் கட்டுகிற அளவு. யாருக்கு வாங்கினார்?
தனக்கேதானோ என்னவோ,
எனக்குப் பெரிய எண்கள் பிடிக்கவில்லையா?
ஆறாம் மாதம் வேலை போனதா, காதல் போனதா,
கடையே போனதா,
இல்லை, போகட்டும் விடம்மா என்றாரா கடைக்காரர்.
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.

விற்பவருக்குப் படம் அனுப்பினேன்.
இரண்டு நிமிஷத்தில் பதில்:
எழுநூறு தருகிறேன், யாரிடமும் காட்டாதீர்கள்.
கடிகாரத்துக்கு வாங்கியதைப்போல் இரண்டரை மடங்கு,
மணி காட்டத் தெரியாத ஓர் அட்டைக்கு.

மறுபடி பாய லேபார்.
உள்ளே நான், வெளியே டெரன்ஸ் கோ.
அவர் மணிக்கட்டில் அது எட்டு பத்து,
நிலையத்துப் பலகையில் எட்டு பதினாலு.
அப்படியே பழுது பார்த்துப் புதுசுபோல் ஓடுகிறது
என்று எழுதியிருந்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை.

பெண்பெயரா, என்று உதட்டைச் சுழித்தார்.
சரி, கப்பல்காரருக்கு நிச்சயித்த பெண் என்று போட்டுக்கொள்கிறேன்.
ஆண்டின் மேல் ஒரு கட்டைவிரல்,
ஆறாவது கட்டத்தின் மேல் இன்னொரு கட்டைவிரல் வைத்து
என்னைப் படமெடுக்கச் சொன்னார்.
எடுத்துக் கொடுத்தேன்.

கடைசித் தவணை பாக்கி இருக்கிறதே,
அந்தப் பதினைந்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்
சும்மா, சிரிப்புக்கு.

அவர் சிரிக்கவில்லை.
தலையாட்டிவிட்டுத் திரையைத் தட்டினார்.
என் கைப்பேசி அதிர்ந்தது:
அறுநூற்று எண்பத்தைந்து.