உறுப்பினர் ஹாபலா அவையில் இல்லை

நகரமன்ற நடவடிக்கைக் குறிப்பேட்டைப்
பதினேழு வருடம் நான்தான் எழுதினேன்.
அதில் அதிகம் வரும் வாக்கியம்:
'உறுப்பினர் ஹாபலா அவையில் இல்லை.'

ரெய்னோ ஹாபலா. நான்காம் வட்டாரம்.
சுப்பீரியர் ஏரிப் பக்கம், ரயில் பாலத்தடியில்
டயர் கடை.
கூட்டத்துக்குக் கோட்டு மாட்டி வருவார்,
நகக்கண் கறுப்பு மட்டும் போகாது.
கையெழுத்திட்ட தாளின் ஓரத்தில்
ஒரு கட்டைவிரலும் சேர்ந்து பதிந்திருக்கும்.

அவர் தேர்தலில் நின்றதே குப்பை வண்டிக்காக.
செவ்வாய் வரவேண்டிய வண்டி வியாழன் வந்தது.
கரடி புதனே வந்துவிட்டது.
அவ்வளவுதான் அவருடைய அரசியல்.
பதாகைக்குச் செலவழிக்க மனமில்லாமல்
பழைய டயர்களுக்கு வெள்ளையடித்துப் பெயரெழுதி
தெருமுனைகளில் சாய்த்து வைத்தார்.
ஜெயித்தார்.
டயர்களை எப்போது அகற்றுவார் என்பதுதான்
அவர் மேசைக்கு வந்த முதல் புகார்.

மார்ச்சில் பனி உருகினால் எங்கள் தெருக்கள்
அம்மை கண்ட முகம்.
பள்ளத்தில் விழுந்தால் டயர் கிழியும்,
கிழிந்தால் ஹாபலா கடை.
சாலை நிதித் தீர்மானம் வரும்போதெல்லாம்
யாரும் கேட்கும் முன்பே எழுந்துவிடுவார்:
'இதில் எனக்குக் காசு இருக்கிறது.'

'ஊரில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும்தான்
இதில் காசு இருக்கிறது, உட்காருங்கள்'
என்றார் நகர வழக்கறிஞர்.
உட்காரவில்லை.
கதவுக்கு வெளியே, மிட்டாய் இயந்திரத்தின் அருகில்,
கோட்டைக் கையில் மடித்துப் போட்டு நிற்பார்.
அப்படி நாற்பத்தொரு முறை.
எண்ணச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஓர் ஏப்ரல்.
டாமராக் தெரு மேட்டில், உள்ளே நோயாளியோடு,
ஆம்புலன்ஸ் அச்சு முறிந்து நின்ற வாரம்.
தீர்மானம் மறுபடி வந்தது.
ஆதரவு நான்கு. எதிர்ப்பு நான்கு.
ஒன்பதாவது நாற்காலியில் ஒரு தொப்பி.
சமமானால் தோல்வி, எங்கள் விதி அது.

மேயர் முடிவை வாசிக்க வாயெடுத்தபோது
கதவு ஒரு சாண் திறந்தது.
ஹாபலாவின் கை
தோளுயரம் வரை வந்தது.
எல்லோரும் மேயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
நான் கதவைப் பார்த்தேன்.
அந்தக் கை அப்படியே மேலே போய்
தலைமுடியைக் கோதிவிட்டு இறங்கியது,
அதற்காகத்தான் எழுந்தது போல.

அவருக்கு வழுக்கை.

நான் எழுதினேன்: நான்கு, நான்கு.
உறுப்பினர் ஹாபலா அவையில் இல்லை.
ஒரு சாண் கதவை எழுத
குறிப்பேட்டில் பத்தி கிடையாது.

அந்த நவம்பரில் வீட்டுக்கு வீடு துண்டறிக்கை:
ஒரு பள்ளத்தின் படம்,
கீழே 'இதில் யாருக்கு லாபம்?'
பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்
என்று ஊரே பேசியது, தன் தன் வார்த்தையில்.
ஐம்பத்து மூன்று ஓட்டில் தோற்றார்.

ஜெயித்தவள் டெல்ஃபின் க்ரோட்டோ.
ஜல்லிக் குவாரி அவள் மைத்துனருடையது.
அவள் எழுந்து வெளியே போகவில்லை.
ஐந்துக்கு நான்கில் தீர்மானம் நிறைவேறியது.
சாலை வந்தது.
நல்ல சாலை, பொய் சொல்லக்கூடாது.
போன மாதம் என் அக்காளை ஆஸ்பத்திரிக்கு
ஒன்பது நிமிடத்தில் கொண்டுபோனார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, அக்டோபரில்,
குளிர்கால டயர் மாற்றப் போயிருந்தேன்.
மூன்று பேர் வேலை பார்த்த கடையில்
இப்போது அவர் மட்டும்.
ஜாக்கியில் ஏறி நின்றது என் கார்.

'அந்த ஏப்ரல் ராத்திரி...' என்று ஆரம்பித்தேன்.
காற்று இயந்திரம் இரைந்தது.
அவர்தான் போட்டாரா, தானாக ஓடியதா, தெரியாது.

அவருக்குப் பின்னால் கூரை வரை
விற்காத புது டயர்கள்.
என் பழைய டயரின் வரிப்பள்ளத்தில்
ஒரு காசைச் செருகி ஆழம் பார்த்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
மறுபடியும் பார்த்தார்.

'மாற்ற வேண்டாம்' என்றார்.
'இன்னும் ஒரு குளிர் தாங்கும்.'