காரணக் குறியீடு

மே மாதம். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க
என் பங்குக்கு வந்தவை
பாபுராவ் தெரு லாட்ஜுகள்.
மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய் வாசனை.
கதவுக்குக் கதவு வாடகை ஸ்டவ், வாடகைக் குக்கர்.
மூன்றாம் மாடி, அறை பதினான்கு:
உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவன் எழுந்தான்.
"இன்னா மேடம், சென்சஸா?"

ஆட்டோ ஸ்டாண்டில் கற்ற தமிழ்.
நிமாய் மண்டல், வயது பத்து, மால்டா பக்கம்.
வேலூருக்கு வந்து ஏழு மாசம் ஆவுதாம்.
அம்மா டோக்கன் போடப் போயிருந்தாள்.
அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

கணக்கு வருமா என்றேன்.
தலையணைக்கடியிலிருந்து ரிப்போர்ட் கட்டை உருவினான்.
"போன வாரம் ஏழு புள்ளி நாலு.
இந்த வாரம் ஆறு புள்ளி ஒம்போது.
பாயிண்ட் அஞ்சு கொறஞ்சிக்கிது மேடம்."

கடன் வாங்கிக் கழிப்பதில்
என் ஐந்தாம் வகுப்பில் பதினொரு பேர் இன்னும் தடுமாறுகிறார்கள்.
அவனுக்கு அது
ஊரில் நிலம் அடகுபோன அன்றே வந்துவிட்டது.

படிவத்தில் காரணங்கள் ஒன்று முதல் ஒன்பது.
வேலைக்குப் போகிறான்.
தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறான்.
படிப்பில் நாட்டமில்லை.
அப்பாவின் சிறுநீரகத்துக்கு எண் கொடுக்கவில்லை.
'பிற' என்று குறித்தேன்.
விவரம் எழுத அரை அங்குலக் கோடு.

ஜூனில் வந்து சேர்ந்தான்.
அவனுக்கு ழகரம் வரவில்லை என்று
வாயப்பயம் தின்னும் என் பிள்ளைகள் சிரித்தார்கள்.
புதனும் வெள்ளியும் வரமாட்டான்.
அந்த நாட்களில்
படுக்கைக்கும் நர்ஸுக்கும் நடுவே
அவன்தான் தமிழ்.

சத்துணவு முட்டையைப் பையில் போட்டதைப் பார்த்துவிட்டேன்.
"வெள்ளை அப்பாக்கு. மஞ்சா எனுக்கு."
நான் திரும்பிக் கரும்பலகையில் தேதி எழுதினேன்,
காலையில் எழுதிய தேதியின் மேலேயே.

ஆகஸ்டில் மூன்றாம் பெஞ்சு ஓர் ஆள் அகலம் கூடிப்போனது.
லாட்ஜ் மேனேஜர் அன்வர்தீன் டீக்கடையில் சொன்னார்:
"செவ்வாக்கெயம நைட்டே கெளம்பிட்டாங்க டீச்சர்,
காட்பாடிலேர்ந்து ரயிலு."
எத்தனை டிக்கெட் என்று கேட்க வாய் திறந்து
சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னேன்.

மாற்றுச் சான்று கேட்டு யாரும் வரவில்லை.
"காமன் பூல்ல தள்ளிடுங்க,
வேற ஸ்கூல்ல சேந்தா அவங்க எடுத்துப்பாங்க"
என்றார் தலைமையாசிரியை குணவதி.
மணல் மட்டும் ஓடும் பாலாற்றங்கரை ஊரில்
பையனை ஒரு குளத்தில் இறக்கிவிட்டேன்.
நீச்சல் தெரியுமா என்று
கேட்டதில்லை.

இன்று மாலை அறை பதினான்கின் படி ஏறினேன்.
எதற்கென்று தெரியாது. படிவம் கைப்பையில் இருந்தது.
அகர்தலாவிலிருந்து யாரோ பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.
வாளிமேல் உட்கார்ந்து ஒரு சிறுமி,
ஏழு வயதிருக்கும்,
பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.
பெயர் கேட்டேன்.
புரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டு
டோக்கனை எடுத்து நீட்டினாள்.