பதினேழாம் குடும்பம்

மூன்று நாளாய் நிற்கவில்லை தென்காற்று.
தோங்கோய் விரிகுடாவின் மேல்நீரை
வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டது.
அடிநீர் ஏறி வந்திருக்கிறது,
குளிர்ந்து, மூச்சு குறைந்து,
நாக்குக்குத் தெரியாத புளிப்போடு.
கருவி ஏழு புள்ளி ஆறு என்கிறது.

வழக்கமாய் வருகிற நீர்தான்.
இப்போதெல்லாம் வந்தால்
எழுந்து போக மனமில்லை அதற்கு.

குஞ்சு பொரிப்பகத்தில் இரவுப் பணி எனக்கு.
ஒரு சொட்டு, ஒரு கண்ணாடித் தகடு.
இரண்டு நாள் வயது விசிறிச் சிப்பிகள்.
முதல் ஓட்டின் விளிம்பு
பலதற்குக் கடித்து வைத்தாற்போல் இருக்கிறது.
எண்ணுகிறேன்:
உயிர், உயிர், இல்லை, இல்லை, இல்லை,
உயிர்,
இல்லை.
விடியும்போது ஒன்பதாம் தொட்டியின் அடியில்
மெல்லிய வெள்ளைப் படிவு.
சல்லடையில் வழித்தேன். மாவு மாதிரிதான் இருந்தது.

பதினேழாம் தொட்டியில் மட்டும்
நீந்திக்கொண்டிருந்தன.

‘தாங்கிக்கொண்டன’ என்று பேரேட்டில் எழுதினேன்.
முக்குளிக்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்தான் எலிசேயோ,
என்னைவிட ஆறு வயது இளையவன்.
“அதுங்க என்ன செஞ்சுது, யஸ்னா?
மத்ததெல்லாம் செத்துப்போச்சு, அவ்வளவுதான்.”
சொல்லை அடித்துவிட்டேன்.
பிறகு பக்கத்திலேயே மறுபடி எழுதினேன்.

ஆறு வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து
சிவப்பும் நீலமுமாய்க் கட்டங்கள் வந்தன.
மேல்தோல் நெய்யும் மரபணுக்கள் சிவப்பு,
இரவு பகலாய் வேலை.
சதை வளர்க்கிறவை நீலம்.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
வீடு கட்டியிருக்கிறது பதினேழாம் குடும்பம்.
எங்கோ ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து
மற்றவர்களுக்கு இருப்பதுபோல் இல்லை.
இந்த நீர் ஏறுமுன்பே இருந்த பிழை,
யாரும் திருத்தாமல் விட்டது.
எலிசேயோவிடம் காட்டினேன்.
“அப்போ ரெண்டு பேரும் பாதி பாதி” என்றான்.

பதினான்கு மாதம் தொங்குவலையில் கிடந்து
மேலே வந்தன.
பழுப்புத் தோல் தடித்து, ஓடு முழுசாய்.
வியாபாரி ஒன்றைப் பிளந்து
அளவுகோலைச் சதையின் மேல் வைத்தார்.
நான்கு மில்லிமீட்டர் குறைவு.
“இரண்டாம் தரம்.”
ஆய்வகத்துத் தாளை எடுக்கப் போன கை
பைக்குள்ளேயே நின்றுவிட்டது.
அவர் வாங்க வந்தது சதையை.

பிளந்து கிடந்ததில் வெண்பாதி தந்தை,
செம்மஞ்சள் பாதி தாய்.
அடுத்த தலைமுறைக்கு நாற்பதை ஒதுக்கினேன்.
தொட்டிக்குள் விட்டதும் மெல்ல வாய் திறந்தன,
விளிம்பெல்லாம் கண்கள்,
கடுகளவு, நீலமாய், எண்ண முடியாதபடி.

குனிந்தேன். என் நிழல் விழுந்தது.
முப்பத்தொன்பது ஓடுகள் படக்கென்று மூடின.
ஒன்று மட்டும்
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.
வெளியே காற்று
மறுபடி தெற்கிலிருந்து.